மருந்துச் சீட்டு: ஒன்றுவிட்டு ஒருநாள் போடும் மாத்திரை

போன இதழில் சர்க்கரை நோய் மருந்துகளைப் பற்றி எழுதியிருந்தேன். எது எப்போது போட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் கேட்டுக் கடிதம் வரும் என்று நினைத்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் விலையைப் பற்றித்தான் இருந்தன. 1989 முதல் 2021 வரை அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்தவள் நான். எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னமும் ‘கம்பவுண்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். 32 வருடத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் ‘காசு இல்லை’ என்று வாய்விட்டுச் சொன்னது மிகக் குறைவு. கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த மாதப் பக்கங்கள் முழுக்க அதற்கே.

எனக்கு 64 வயது. கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம், மகன் அனுப்புவது கொஞ்சம். இருவருக்கும் மருந்துக்கு மட்டும் மாதம் 3,780 ரூபாய் ஆகிறது. முதலில் அவருக்கு வாங்கிவிடுவேன். என் பி.பி. மாத்திரையை நான்கு மாதமாக ஒன்றுவிட்டு ஒருநாள் போடுகிறேன். அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்படியே போகலாமா?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

கூடாது அக்கா. இன்றிலிருந்தே தினமும் போடுங்கள்.

ரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் உடம்புக்கு எதுவும் தெரியாது. தெரிகிற நாளில் முகம் கோணி, கை தூக்க முடியாமல் போயிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். அடுத்த முறை டாக்டர் அளந்து பார்ப்பார். இறங்கியிருக்காது. நீங்கள் தினமும் போடுவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதுவார். மிச்சம் பிடித்த அட்டை அடுத்த மாதச் சீட்டில் புது மருந்தாக வந்து நிற்கும்.

2003 வாக்கில் தென்காசிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். பீடி சுற்றும் ஒரு அம்மா, பக்கவாதம் வந்த கணவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். ‘என்ன மாத்திரை சாப்பிடுறார், காட்டுங்க’ என்றேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே எல்லாம் அரை மாத்திரை. அரிவாள்மனையில் நறுக்கியதால் ஓரம் பொடிந்து, சிமிழின் அடியில் வெள்ளை மாவாகக் கிடந்தது. டவுனில் தனியார் டாக்டரிடம் பார்த்து, மாதாமாதம் கடையில் வாங்கி, கடைசி ஆறு மாதமாகப் பாதிப் பாதியாகக் கொடுத்திருக்கிறார். ‘இங்கே வந்தா சும்மாவே கொடுப்போமேம்மா’ என்றேன். ‘இங்க வந்து வரிசையில நின்னா அன்னைக்குப் பீடி ஓடாதும்மா. டாக்டர்ட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு’ என்றார். இலவச மருந்துக்கும் ஒருநாள் கூலியும் பஸ் காசும் விலையாகப் போகிறது என்பதை அந்த அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை நானே ‘சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு ஏன் கடைக்குப் போறாங்க’ என்று பேசியவள்தான்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பில்லின் ஜெராக்ஸை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் 11 வரி. பி.பி., சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, அவருடைய ஆஸ்பிரின் ஆகியவை ஒரு பக்கம். இவை விடவே கூடாதவை. நரம்புக்கு என்று எழுதிய வைட்டமின் காப்ஸ்யூல், கால்சியம், வாயுவுக்கான மாத்திரை, ஒரு டப்பா சத்துப் பவுடர் ஆகியவை இன்னொரு பக்கம். இந்த நான்கும் சேர்ந்து மட்டும் 1,460 ரூபாய். நீங்கள் உயிருக்கு வேண்டிய மாத்திரையைப் பாதியாக்கிவிட்டு, சத்துப் பவுடரை முழுதாக வாங்கியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சீட்டில் எல்லாமே ஒரே பேனாவில், ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. எது முக்கியம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டரிடம் போய் இந்த இரண்டு வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள்: ‘இவ்வளவுக்கு எங்களால் வாங்க முடியவில்லை. இதில் எதை விடவே கூடாது, எதை நிறுத்தலாம்?’ நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வாயு மாத்திரைகூட, ஆஸ்பிரின் போடுகிறவருக்கு வயிற்றுப் புண் வராமல் இருக்க எழுதியதாக இருக்கலாம். கேட்டால் கோபிக்கிற டாக்டர்கள் குறைவு.

அவருடைய சர்க்கரை மாத்திரை மூன்று மருந்து கலந்த ஒரே மாத்திரை. தனித்தனியாக எழுதினால் ஒன்றுக்கு மூன்றாக விழுங்க வேண்டும். ஆனால் செலவு நன்றாகக் குறையும். அதையும் கேளுங்கள். பி.பி.க்கான டெல்மிசார்டான் 40, பெயர் பெற்ற பிராண்டில் பத்து மாத்திரை 70 ரூபாயை ஒட்டி வரும். அதே டெல்மிசார்டான் பிரதமரின் மக்கள் மருந்தகத்தில் 20 ரூபாய்க்குள் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்து, அதாவது கம்பெனி வைத்த பெயர் இல்லாத மருந்து, உண்டு. சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவிலோ இருவர் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள். வெளிச் சீட்டைக் காட்டி அங்கே மருந்து வாங்க முடியாது. அங்குள்ள மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அம்லோடிபின், மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின், தைராக்ஸின் எல்லாம் அரசுப் பட்டியலில் உள்ளவை. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்த்துவிட்டால், பி.பி., சர்க்கரை மாத்திரைகளைத் தன்னார்வலர் பெண்ணே வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். நான் ஓய்வு பெற்ற வருடம் அது வந்தது. அந்தப் பீடி சுற்றும் அம்மாவைத்தான் முதலில் நினைத்தேன்.

உங்கள் கணவரிடமும் சொல்லிவிடுங்கள் அக்கா. அவருக்குத் தெரியாமல் அவருக்காகச் செய்கிற இந்த மிச்சம் வேண்டாம்.

ஜெனரிக் மருந்து என்றாலே டூப்ளிகேட் என்கிறார் என் மைத்துனர். விலை குறைவாக இருந்தால் தரமும் குறைவாகத்தானே இருக்கும்?
– வாசகர், திண்டுக்கல்

டூப்ளிகேட் என்றால் போலி, குற்றம். ஜெனரிக் என்றால், கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்பது. இரண்டும் வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாத்திரைகள் ஆயிரம் ஆயிரமாகத் தகர டப்பாவில் வரும். கையால் எண்ணி, செய்தித்தாளைக் கிழித்துப் பொட்டலம் மடித்துக் கொடுப்போம். அடைமழைக் காலத்தில் டப்பாவின் அடியில் இருப்பவை ஈரம் இழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மிக்ஸ்சர் வாங்க மக்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். நல்லெண்ணெய் வாசம் போகாத பாட்டில்களும் வரும், நாங்களே கழுவி ஊற்றுவோம். தை, மாசி ஆனால் அந்த வருடத்துப் பணம் தீர்ந்துபோய் அலமாரி காலியாக இருக்கும். ‘வெளியே வாங்கிக்கோங்க’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே குரல் தேய்ந்துவிடும்.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வர ஆரம்பித்தது. முதல் முறையாக அலுமினிய அட்டையில், ‘விற்பனைக்கு அல்ல’ என்ற அச்சோடு மாத்திரைகள் வந்த அன்று, நாங்கள் மூன்று பேர் பெட்டியைச் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், எல்லாம் மருந்தின் சொந்தப் பெயரில். அதனால் விலை இறங்கியது. மருந்து கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் மருத்துவமனைக்கு வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். பாங்கியில் பணம் எடுப்பதுபோல மருந்து எடுத்துக்கொள்ளலாம். எது எவ்வளவு தேவை என்று எங்கள் ஊர் நோயைப் பார்த்து நாங்களே முடிவு செய்தோம். பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. முப்பது வருடமாகத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பது ஜெனரிக்தான். உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

எல்லா ஜெனரிக்கும் தரமானது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். எல்லா பிராண்டுக்கும் போட மாட்டேன். தரம் தவறிய மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் இரண்டு வகையும் வரும். உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூ.ஆர். குறியீடு கட்டாயம். செல்போனில் காட்டினால் விவரம் வரும்.

டாக்டர் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக அதே மருந்து விலை குறைவாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் முடியாது என்கிறார். லாபத்துக்காகவா?
– வாசகர், சேலம்

அவர்மேல் கோபப்படாதீர்கள். மருந்து விதிகளின் 65-ஆம் விதிப்படி, சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குத் தரக் கூடாது. அதனால் சீட்டு எழுதும்போதே கேட்க வேண்டும். மருத்துவர்கள் மருந்தின் சொந்தப் பெயரை, முடிந்தவரை பெரிய எழுத்தில், எழுத வேண்டும் என்று நன்னடத்தை விதி இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் அதை இன்னும் கடுமையாக்கி ஒரு விதி வந்தது, எதிர்ப்பு எழுந்து அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. விதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘ஜெனரிக் பெயரையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் டாக்டர்’ என்று கேட்டால் போதும்.

என் மகனுக்கு 15 வயது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு இரண்டு வருடமாக ஒன்றும் இல்லாமல் இருந்தான். போன மாதம் கடையில் வேறு கம்பெனி மாத்திரை, விலை குறைவு, அதேதான் என்று கொடுத்தார்கள். நானும் வாங்கிவிட்டேன். பத்து நாளில் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். காசைப் பார்த்து நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?
– ஒரு தாய், திருவாரூர்

இல்லை அம்மா. முதலில் அழுகையை நிறுத்துங்கள். வலிப்பு வருவதற்குத் தூக்கம் கெட்டிருக்கலாம், காய்ச்சல் இருந்திருக்கலாம், ஒருவேளை மாத்திரை விட்டுப்போயிருக்கலாம். மாத்திரை மாறியதும் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் எடுத்துப்போய் மேஜைமேல் வையுங்கள்.

முந்திய பதிலில் ஜெனரிக் வாங்குங்கள் என்று எழுதிய நானே இங்கே வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. சில மருந்துகளில் ரத்தத்தில் சேரும் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு தாங்காது. ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகள், இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், தைராய்டுக்கான தைராக்ஸின் ஆகியவை அந்த வகை. விலை குறைந்ததில் தொடங்குவதில் தப்பே இல்லை. தொடங்கியபின் கம்பெனி மாற்றக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து, தேவையான ரத்தப் பரிசோதனையோடு மாற்ற வேண்டும். இவற்றை அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்குகிறவர்களும், அட்டை மாறி வந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட மட்டும் வேண்டாம் அம்மா, அது இதைவிட ஆபத்து.

ஆட்டோ ஓட்டுகிறேன். பேனா இன்சுலின் கார்ட்ரிட்ஜுக்கும் ஊசிக்குமாக மாதம் 2,400 ரூபாய் ஆகிறது. சாதாரண சிரிஞ்சை வைத்துக் கார்ட்ரிட்ஜிலிருந்து உறிஞ்சிப் போட்டால் பேனா ஊசிச் செலவு மிச்சம் என்கிறார் நண்பர். வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை.
– வாசகர், ஆம்பூர்

தம்பி, இதை மட்டும் செய்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-வது கோடு வரை உறிஞ்சினால் அது அரை மில்லி. பாட்டில் இன்சுலின் என்றால் 20 யூனிட்தான். கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்திருந்தால் 50 யூனிட் ஏறியிருக்கும். இரண்டரை மடங்கு. சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போது சர்க்கரை திடீரென்று இறங்கினால் நீங்களும் போவீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் போவார்.

செலவைக் குறைக்க நேர் வழி இருக்கிறது. பாட்டில் இன்சுலினுக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடையில் 10 மில்லி பாட்டில் 200 ரூபாய்க்குள் வரும், அரசு மருத்துவமனையில் இலவசம். மாற்றும்போது அளவும் நேரமும் மாறும். சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். சவாரி நடுவே சாப்பிடுகிறவர் நீங்கள், அதையும் சொல்லிக் கேளுங்கள். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் சர்க்கரை இறங்குகிறவர்களுக்குப் புது வகை இன்சுலின்தான் நல்லது.

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டில் மட்டும் வாங்குங்கள். பெரிய மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னக் கலயத்தைப் பதித்து, பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உள்ளே வையுங்கள். மணல் காயக் கூடாது. நிழலில் இருக்க வேண்டும். திறந்த பாட்டிலை நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள். வண்டியின் டாஷ்போர்டில் வைக்கவே கூடாது. ஆம்பூர் வெயிலில் ஒரு மதியம் போதும், மருந்து செத்துவிடும்.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும் என்றுதான். நூறு வருடம் கழித்தும் ஒருவர் கார்ட்ரிட்ஜை உறிஞ்சலாமா என்று கேட்க வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். வகை. பத்து வருடமாக இமாட்டினிப் 400 சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிறது. வெளிநாட்டில் இதே மாத்திரை லட்சக்கணக்கில் விற்றதாமே? நமக்கு மட்டும் எப்படி இந்த விலை? திடீரென்று ஏறிவிடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

நமக்கும் ஒரு காலத்தில் லட்சம்தான். அந்த விலை இறங்கியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

1970-ல் வந்த காப்புரிமைச் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது என்றது. வேறு முறையில் யாரும் செய்யலாம். நம் நாட்டு மருந்து விலை குறைந்ததற்கு அடித்தளம் அது. உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-ல் சட்டத்தைத் திருத்தி மருந்துக்கும் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது 3(டி) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி, குணமாக்கும் திறன் கூடாமல் புதிது என்று கொண்டுவந்தால் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் இமாட்டினிப், கிளிவெக் என்ற பெயரில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை பத்தாயிரத்துக்கும் கீழே. புற்றுநோயாளிகளுக்கான சங்கம் ஒன்றும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்து நின்றன. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்த்தது. அந்த நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நன்கொடையாகக் கிடைப்பது வேறு, கடைக்குப் போய் நம் காசில் வாங்க முடிவது வேறு.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2012 மார்ச்சில், சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்தை நாட்கோ என்ற ஹைதராபாத் நிறுவனம் தயாரிக்க, மும்பையில் இருந்த காப்புரிமைத் தலைவர் கட்டாய உரிமம் கொடுத்தார். காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் மற்றவர் தயாரிக்கலாம் என்ற அனுமதி அது. மாதம் 2,80,000 ரூபாய் மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.

உங்கள் அம்மாவின் மாத்திரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, உச்ச விலை உண்டு. ஒரே நாளில் ஏற்றிவிட முடியாது. இரண்டாயிரமும் கஷ்டமாகும் மாதம் வந்தால் அரசு மருத்துவக் கல்லூரியின் புற்றுநோய்ப் பிரிவில் பெயரைப் பதியுங்கள். அம்மாவை ஒருநாள்கூட இடைவெளி விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமல் போய்விடக்கூடும்.

எங்கள் தெருவில் ஒரு கடையில் 20 சதவிகிதம் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு கடையில் ஜெனரிக்குக்கு 50 சதவிகிதம். எங்கே வாங்குவது?
– வாசகர், தாம்பரம்

சதவிகிதத்தைப் பார்க்காதீர்கள், ஒரு மாத்திரைக்கு என்ன விலை என்று பாருங்கள். ஜெனரிக் என்று விற்கும் சில அட்டைகளில் எம்.ஆர்.பி.யைப் பிராண்டுக்குச் சமமாக அச்சடித்திருப்பார்கள். கடைக்காரருக்கு அது மிகக் குறைந்த விலையில் வந்திருக்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் அவருக்கு நல்ல லாபம். மக்கள் மருந்தகத்தில் அச்சடித்த விலையே குறைவு. அங்கே போர்டு தேவைப்படாது.

அரசு விலை கட்டுப்படுத்துகிறதே என்று கேட்பீர்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்ச விலை உண்டு. 2013-ல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைக்கு முன்னால் தயாரிப்புச் செலவைப் பார்த்து விலை வைத்தார்கள். இப்போது, சந்தையில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் விற்கும் பிராண்டுகளின் விலையைச் சராசரி எடுத்து, அதோடு கடைக்காரருக்கு 16 சதவிகிதம் சேர்க்கிறார்கள். விலையிலிருந்தே விலையைக் கணக்குப் போட்டால் அது எப்படி இறங்கும்? பட்டியலில் இல்லாத மருந்தின் விலையை வருடத்துக்குப் பத்து சதவிகிதம் வரை ஏற்றவும் அனுமதி இருக்கிறது. செலவைப் பார்க்கும் பழைய முறை திரும்ப வர வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் மருந்துக்குக் காப்புரிமை முடிகிறதா என்றும் டாக்டரிடம் கேட்டுவையுங்கள். முடிந்தால் மற்ற கம்பெனிகளும் அதைச் செய்யலாம். சர்க்கரைக்கான எம்பாக்ளிஃப்ளோசின் 2025 மார்ச்சில் அப்படிக் காப்புரிமையிலிருந்து வெளியே வந்தது. 60 ரூபாயை ஒட்டி இருந்த மாத்திரைக்குப் பத்து ரூபாய்க்குக் கீழேயும் பிராண்டுகள் வந்துவிட்டன. பழைய பிராண்டையே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மாதாந்திர மாத்திரைக்கு அதைப் பயன்படுத்தலாமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியாது. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். வீட்டிலிருந்து சாப்பிடும் மாத்திரை அதில் வராது. மாதாமாதம் கரைகிற காசு அங்கேதான் போகிறது என்பதால் இந்த ஒரு குறை எனக்கு எப்போதும் உறுத்தும்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். அலமாரியில் மாத்திரை அட்டைகள், ஒரு இன்சுலின் பாட்டில், கண் சொட்டு மருந்து எல்லாம் இருக்கின்றன. சுமார் 6,000 ரூபாய் பெறும். தூக்கிப்போட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் சர்க்கரைதான், கொடுக்கலாமா? சில அட்டைகளின் பின்னால் அப்பா பேனாவால் தேதி எழுதியிருக்கிறார்: 3, 5, 7, 9 என்று போகிறது. எதற்கு என்று புரியவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நேராகக் கொடுக்க வேண்டாம் தம்பி. நோய் ஒன்றாக இருந்தாலும் அவருடைய சிறுநீரகமும் இதயமும் வேறு. இன்சுலின், திறந்த சொட்டு மருந்து, வெட்டிய அட்டைகள் ஆகியவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். யாருக்கும் ஆகாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, காப்பித்தூள் சக்கையோடு கலந்து, கட்டிக் குப்பையில் சேருங்கள். காவிரியில் போடாதீர்கள். முழு அட்டைகளில் காலாவதித் தேதி பாருங்கள். பில் இருந்தால் வாங்கிய கடையில் கேளுங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மருத்துவர் உட்காரும் இலவச மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்கள் பிரித்துப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

தேதி எழுதியிருப்பது எந்த மாத்திரை என்று நீங்கள் சொல்லவில்லை. சிலவற்றை டாக்டரே ஒன்றுவிட்டு ஒருநாள் என்று எழுதுவது உண்டு. நீர் பிரியப் போடும் மாத்திரையில் அப்படி வரும். அட்டையின் பெயரையும், கடைசிச் சீட்டின் ஜெராக்ஸையும் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். இந்தப் பக்கத்தில் இல்லாமல், உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதுகிறேன்.